மெலிந்த இடத்தில் உடைவது

ஆரணி
8.9.2024

அன்புள்ள தம்பி பார்த்திபனுக்கு,

அக்கா திலகவதி எழுதுகிறேன். இங்கே மாமாவும் நானும் காவ்யாவும் காய்ச்சல், சளி இல்லாமல் இருக்கிறோம். பட்டாளத்தில், அந்த மலைக் குளிரில் உன் கால் வெடிப்பு ஆறியதா என்று முதலில் எழுது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை நீ போனில் பேசுகிற மூன்று நிமிஷத்தில், உனக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர் இருமுவதுதான் எனக்குக் கேட்கிறது. அதனால் கடிதத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

காவ்யாவின் முடி விஷயம். முதல் மொட்டை அடித்ததிலிருந்து அது விரல் நீளத்தைத் தாண்டியதில்லை என்று உனக்குத் தெரியும். சில பிள்ளைகளுக்கு மெதுவாக வளரும் என்று ஒன்பது வருஷம் ஊருக்குச் சொல்லிவிட்டேன். இப்போது பார்த்தால் வளராமல் இல்லை. வளர்ந்து வளர்ந்து உடைகிறது. காலையில் தலையணை உறையை உதறினால் மீசை மழித்த மாதிரி துண்டு துண்டாகக் கொட்டுகிறது. பின்மண்டையில் கை வைத்தால் உப்புத்தாளைத் தொட்டதுபோல் இருக்கிறது.

தெருவில் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். எதிர்வீட்டுச் சாவித்திரி போர்வெல் தண்ணீர் என்கிறாள். மாமா தறியை விட்டு எழுந்திருக்காமலே ஷாம்பு என்கிறார். டாக்டர் தலையில் படை என்று ஆறு வாரத்துக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார். நான்காம் வகுப்பில் எல்லாப் பெண்களும் இரட்டைப் பின்னல் போட வேண்டுமாம். பின்னுவதற்கு எதைப் பிடிப்பது?

கண்ணமங்கலத்திலிருந்து சசிகலாவின் அப்பா தருமன் போன் செய்தார். பெண்ணுக்கு உன்னைப் பிடித்திருக்கிறதாம். தை மாதம் நம் வீடு பார்க்க வருகிறார்கள்.

கம்பளிச் சாக்ஸை ஈரத்தோடு போடாதே.

உன் அக்கா,
திலகவதி

* * *

3.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இருபத்துமூன்று நாள் மலையேறி வந்து சேர்ந்தது. கால் ஆறிவிட்டது. மூச்சும் பழகிவிட்டது. மாமாவுக்கு முதுகுவலி எப்படி?

இங்கே இந்த வருஷம் பனி சீக்கிரம் ஆரம்பித்துவிட்டது. காலையில் கேனில் உறைந்த தண்ணீரை அடுப்பில் உருக்கித்தான் பல் துலக்குகிறோம். உன் பக்கத்து வெயிலை ஒரு டப்பாவில் அடைத்து அனுப்பு.

காவ்யாவைப் பற்றி ரொம்ப யோசிக்காதே. முடிதானே அக்கா. தேங்காய் எண்ணெய் நன்றாக வை. பெரியவளானால் சரியாகிவிடும்.

தருமன் வீட்டார் வருகிற தேதியை எழுது. சசிகலாவோடு இரண்டு முறை பேசினேன். அவள் வேலை செய்யும் இ-சேவை மையத்தில் கூட்டம் அதிகமாம். நல்ல பெண்ணாகத் தெரிகிறாள்.

மாமாவுக்கு என் வணக்கம். காவ்யாவுக்கு முத்தம்.

பார்த்திபன்

* * *

ஆரணி
27.10.2024

அன்புள்ள தம்பிக்கு,

மாமாவுக்கு முதுகுவலி அப்படியேதான். தீபாவளி ஆர்டர் முடியும்வரை அவரால் குனியாமல் இருக்க முடியாது. நீ நன்றாக இருப்பது தெரிந்து நிம்மதி.

முடிதானே என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான்கு முறை படித்தேன்.

படைக்குக் கொடுத்த மாத்திரை தீர்ந்தது, ஒன்றும் மாறவில்லை. அடுத்து ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு சரி, இரும்புச்சத்து சரி, எல்லாமே சரி. எல்லாம் சரியென்றால் முடி மட்டும் ஏன் உடைகிறது என்று கேட்டேன். "எண்ணெய் வெச்சிப் பாருங்கம்மா" என்றார் டாக்டர். உன்னைப் போலவே.

போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். தலைமையாசிரியை காவ்யாவை வெளியே நிற்கவைத்துவிட்டு, "உங்க பொண்ணு முடியை அதுவே பிச்சிக்குதும்மா. இது மனசு சம்பந்தப்பட்டது. வூட்ல ஏதாச்சும் பிரச்சனைங்களா?" என்றார். வீட்டுக்கு வந்து அவளைக் கேட்டேன்.

"யம்மா, நான் பிச்சிக்கலம்மா. அதுவா ஒடையுது."

நான் நம்பவில்லை, தம்பி. இதை மாமாவிடம்கூடச் சொல்லவில்லை. பழைய பாவாடைத் துணியில் இரண்டு பை தைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கை இரண்டிலும் மாட்டி மணிக்கட்டில் கட்டிவிட்டேன். சோறு நானே ஊட்டினேன். மத்தியானம் படுத்து எழுந்தாள். தலையணையைப் பார்த்தேன். துண்டு துண்டாகக் கிடந்தது. பை கட்டியது கட்டியபடியே இருந்தது. அவள் தலையணையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பையை அவிழ்க்க இரண்டு கையையும் என் முன் நீட்டினாள்.

வேலூரில் தோலுக்கும் முடிக்கும் பார்க்கிற ஒரு பெண் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். தீபாவளி கழித்துப் போகிறோம்.

மூக்கைக் கம்பளியால் மூடிக்கொண்டு தூங்கு.

அக்கா

* * *

ஆரணி
19.11.2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். எல்லோரும் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

வேலூர் போய் வந்தோம். அந்த டாக்டர் காவ்யாவின் முடியில் நான்கைந்தை எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். பிறகு எங்களையும் பார்க்கச் சொன்னார். மணி கோத்த மாதிரி இருந்தது, தம்பி. தடித்து, மெலிந்து, மறுபடி தடித்து, மறுபடி மெலிந்து. மாமா வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "பாவு நூல் இந்த மாதிரி இருந்தா நான் தறியிலயே ஏத்த மாட்டேங்க" என்றார்.

"அதேதாங்க. மெலிஞ்ச இடத்துல ஒடையுது. பாப்பா பிச்சிக்கல. படையும் இல்ல, சத்துக்குறைவும் இல்ல. முடி உருவாகறதே இப்படித்தான்" என்றார் டாக்டர்.

அதைக் கேட்டதும் நான் காவ்யாவைப் பார்க்க முடியாமல் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு மருந்து இல்லையாம். இழுத்துக் கட்டாமல், சூடு காட்டாமல், மெதுவாகக் கையாள வேண்டுமாம். பரம்பரையாக வருவதாம், பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பாம். "உங்க குடும்பத்துல யாருக்காச்சும் முடி வளராம இருந்துச்சா?" என்று கேட்டார். மாமா உடனே, "எங்க பக்கம் யாருக்கும் இல்லைங்க" என்று என்னைப் பார்த்தார். டாக்டர் என் கொண்டையை அவிழ்க்கச் சொன்னார். பிடரியில் ஒரு கைப்பிடி அளவுக்கு எனக்கும் குட்டை முடிதான். படுக்கையில் உரசி உடைகிறது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அதையும் எடுத்துப் பார்த்தார். அதே மணிகள். எனக்குக் கொஞ்சம், அவளுக்கு நிறைய.

வயதாக ஆகச் சிலருக்குத் தேறுமாம், சிலருக்கு அப்படியே இருக்குமாம். "உங்க குடும்பத்துல எப்படிப் போச்சின்னு தெரிஞ்சா நல்லது" என்றார். பள்ளிக்கூடத்துக்குக் காட்ட ஒரு சான்றிதழும் எழுதிக் கொடுத்தார்.

இப்போது கேட்கிறேன். அம்மா போன பிறகு நீ சந்தவாசலில் அப்பாவோடு வளர்ந்தாய். நான் ஆரணியில் சின்னம்மா வீட்டில் வளர்ந்தேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பார்க்கும்போதெல்லாம் நீங்கள் இரண்டு பேரும் மொட்டை. அம்மனுக்கு வேண்டுதல் என்பார் அப்பா. அது வேண்டுதல்தானா? உனக்கும் முடி இப்படி இருந்ததா? பிறகு தேறியதா?

பஸ்ஸில் வரும்போது காவ்யா, "எனக்கு மட்டும்தான் இப்பிடியாம்மா?" என்றாள். எனக்கும் இருக்கிறது என்றேன். என் கொண்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உனுக்குத்தான் கொண்டை கீதே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதனால்தான் கேட்கிறேன்.

அக்கா

* * *

18.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் ஒரே மூட்டையில் வந்தன. நான் நன்றாக இருக்கிறேன். இங்கே மைனஸ் இருபது. பேனா முனையை அடிக்கடி வாயால் ஊதிச் சூடுபடுத்தித்தான் எழுதுகிறேன்.

டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அவர் சொன்னபடி செய். காவ்யா கெட்டிக்காரி, பழகிக்கொள்வாள். அப்பா காலத்துச் சங்கதியெல்லாம் எனக்கு அவ்வளவாக ஞாபகம் இல்லை.

ஜனவரி இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமை தருமன் வீட்டார் வருவதாகப் போனில் சொன்னாய். ஒரு சின்ன விஷயம். சசிகலாவின் அம்மா கெங்கம்மாள் எதையும் தோண்டித் துருவிக் கேட்பவர். காவ்யாவைப் பார்த்தால் ஆயிரம் கேள்வி வரும். குழந்தைக்குத்தான் சங்கடம். அன்று ஒரு நாள் மட்டும் அவளை எங்காவது அனுப்பி வைத்தால் நல்லது. அவள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன். தப்பாக நினைக்காதே.

வரும்போது காவ்யாவுக்குக் காஷ்மீர் சால்வை வாங்கி வருகிறேன். என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டு எழுது.

மாமாவுக்கு வணக்கம்.

பார்த்திபன்

* * *

ஆரணி
30.1.2025

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

தருமன், கெங்கம்மாள், சசிகலா, அவள் சித்தப்பா பழனி, நான்கு பேரும் வந்தார்கள். சாப்பிட்டார்கள். மாமா தறியில் ஏற்றியிருந்த முகூர்த்தப் புடவையைப் பார்த்தார்கள். வீடு பிடித்திருக்கிறது என்றார்கள். வைகாசியில் நீ லீவில் வந்ததும் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

காவ்யா வெம்பாக்கத்தில் சாவித்திரியின் அக்கா வீட்டில் இருந்தாள்.

திலகவதி

* * *

24.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாம் நல்லபடியாக முடிந்ததற்கு உனக்கும் மாமாவுக்கும்தான் நன்றி சொல்ல வேண்டும். அம்மா இருந்திருந்தால் செய்வதையெல்லாம் நீ செய்கிறாய். இங்கே ஒரு வாரம் பனிச்சரிவு, வழி மூடிவிட்டது. கவலைப்படாதே, எங்கள் போஸ்ட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஏன் இவ்வளவு சின்னக் கடிதம்? உடம்பு சரியில்லையா? சால்வை நிறத்தையும் எழுதவில்லை.

பார்த்திபன்

* * *

2.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. போன் செய்தால் மாமாவிடம் கொடுத்துவிடுகிறாய். அவர் "எல்லாம் நல்லா கீறோம்" என்று வைத்துவிடுகிறார். எல்லோருக்கும் கடிதம் வருகிற நாளில் என் பெயர் மட்டும் கூப்பிடப்படுவதில்லை. என் மேல் ஏதாவது கோபம் என்றால் திட்டியாவது எழுது.

பார்த்திபன்

* * *

ஆரணி
19.4.2025

தம்பிக்கு,

திட்டி எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். உடம்பு யாருக்கும் கெடவில்லை.

காவ்யா இரண்டரை மாதமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. ஜனவரி இருபத்தேழு காலையில் அவளை வெம்பாக்கத்திலிருந்து கூட்டி வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டு, "அவங்க போயிட்டாங்களா? இனிமே நான் வூட்ல இருக்கலாமா?" என்று கேட்டாள். நாங்கள் அவளுக்கு ஒன்றுமே சொல்லவில்லை. சும்மா ஊர் பார்த்துவிட்டு வா என்றுதான் அனுப்பினோம். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு எல்லாம் தெரிகிறது.

மறுநாள் யூனிஃபார்மைப் போட்டுவிட்டேன். கதவைப் பிடித்துக்கொண்டாள். "பள்ளிக்கூடத்துக்கும் யாராச்சும் பாக்க வந்துகினுதானே இருப்பாங்க" என்கிறாள். அடித்தும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். டாக்டர் சான்றிதழைத் தலைமையாசிரியை பீரோவில் வைத்துவிட்டு, "நாங்க ஒண்ணும் சொல்லலியேம்மா" என்கிறார். மாமா தறியில் நாடாவை வேகவேகமாகத் தள்ளுகிறார். ஒரு நாள் மட்டும் தறியை நிறுத்திவிட்டு, "உன் தம்பி சொன்னா நீ செஞ்சிடுவியா?" என்று கேட்டார். நீ எழுதினாய், ஆனால் அனுப்பியது நான்தான். சசிகலா வீட்டார் உன்னை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று எனக்கும் பயம் இருந்தது.

நவம்பரில் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டேன். சால்வை நிறம் கேட்டு இரண்டு தடவை எழுதினாயே தவிர, அதற்குப் பதில் வரவில்லை. பதில் வராததே பதில் என்று எனக்குப் புரிந்துவிட்டது. உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன். கல்யாணம் உன்னுடையது. ஆனால் இந்த வீட்டில் ஒருத்தி, உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் இப்படி என்று பாயில் சுருண்டு கிடக்கிறாள். அவளுக்குத் தாய்மாமன் நீ ஒருத்தன்தான்.

திலகவதி

* * *

14.5.2025

அக்கா,

நான் உடம்பால் நன்றாக இருக்கிறேன். எல்லை நிலைமையால் லீவு ரத்து. ஜூலையில்தான் கிடைக்குமாம்.

அந்த மொட்டை வேண்டுதல் இல்லை. எனக்கு நான்கு வயதிருக்கும்போதே அப்பா ஆரம்பித்துவிட்டார். கிணற்றடியில் உட்கார்ந்து முதலில் தன் தலையை மழித்துக்கொள்வார், அப்புறம் என் தலையை. "யாராச்சும் கேட்டா அம்மனுக்கு வேண்டுதல்னு சொல்லு" என்பார். நடுவில் ஒரு மாதம் அவருக்கு உடம்பு முடியாமல் போனபோது முடி வளர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் என்னைத் தேங்காநார் என்று கூப்பிட்டார்கள். தலையில் கை தேய்த்து, உடைந்த துண்டை ஊதி விளையாடினார்கள். ஏழாவது முடிக்கும்வரை அந்தப் பெயர்தான்.

பட்டாளத்தில் சேர்ந்த முதல் நாள் இருநூறு பேருக்கும் ஒட்ட வெட்டிவிட்டார்கள். பக்கத்தில் இருந்தவன் தன் முடி போனதற்கு அழுதான். நான் இருநூறு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அன்றிலிருந்து பத்து நாளைக்கு ஒருமுறை வெட்டிவிடுகிறேன். எனக்கே மறந்துபோகும் அளவுக்கு. உன் நவம்பர் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் காவ்யா ஞாபகம் வரவில்லை அக்கா. கெங்கம்மாள் ஞாபகம்தான் வந்தது.

நீ கேட்டதற்குப் பதில்: முன்பக்கம் பதினாறு பதினேழு வயதில் கொஞ்சம் தேறியது. பின்மண்டை அப்படியேதான் இருக்கிறது. வலிக்காது. குல்லா போட்டால் அரிக்கும். இதை அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும்.

உன் கடிதம் இந்தத் தடவை பத்து நாளிலேயே வந்துவிட்டது, அன்றிலிருந்து முடி வெட்டவில்லை. இத்துடன் ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். கூட இருக்கும் துரை எடுத்தது. பின்பக்கம் தெரியும்படி திரும்பி நிற்கிறேன். காவ்யாவிடம் கொடு.

சசிகலாவுக்கும் எழுதிவிட்டேன். என் முடி, பிறக்கும் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வர வாய்ப்பு, காவ்யாவை அன்று அனுப்பச் சொன்னது நான் என்பது, எல்லாவற்றையும்.

பார்த்திபன்

* * *

கண்ணமங்கலம்
8.6.2025

திலகவதி அக்காவுக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணனும் காவ்யாவும் நலமென்று நம்புகிறேன். அண்ணி என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டு, வேறு தாள் எடுத்தேன்.

அவர் எழுதிய கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன். அப்பா வேண்டாம் என்றார். அம்மா அழுதார். இரண்டு வாரம் வீட்டில் ஒரே பேஜார். கடைசியில் நானும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போனில் சொன்னால் அப்பா சொல்லிக்கொடுத்ததாக நினைப்பீர்கள், அதனால்தான் கடிதம்.

முடிக்காக இல்லை என்று சொன்னால் அது பாதிப் பொய். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்தை நான் தாண்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அன்றைக்கு உங்கள் வீட்டில், "பொண்ணு எங்கேங்க?" என்று உங்களைக் கேட்டேன். "ஊருக்குப் போயிருக்கா" என்றீர்கள். கொடியில் சின்ன கவுன் ஒன்று ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. நாளைக்கு எனக்கு அப்படி ஒரு குழந்தை பிறந்தால், விருந்தாளி வரும்போதெல்லாம் அதை எந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்று யோசித்தேன். அதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை.

அவர் உண்மையை எழுதினார். அதற்காக மதிக்கிறேன். ஆனால் தாமதமாக எழுதினார். உங்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன்.

காவ்யாவை நான் பார்க்கவே இல்லை. அவளை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சசிகலா

* * *

ஆரணி
21.6.2025

அன்புள்ள தம்பிக்கு,

மாமாவுக்கு முதுகுவலி தேவலை. காவ்யாவும் நானும் சுகம். உனக்குச் சாப்பாடு இறங்குகிறதா என்பதுதான் இங்கே எங்கள் கவலை.

சசிகலா உனக்கும் எழுதியிருப்பாள். எனக்கு எழுதியதை நான் கிழிக்கவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன். ஈரக் கவுனைப் பற்றி எழுதியிருந்தாள். பாத்திரம் பண்டமெல்லாம் ஒழுங்குபண்ணினேன், அந்தக் கவுன் என் கண்ணில் படவில்லை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைக்கும் எனக்கு மறுப்பு இல்லை. உனக்கும் இருக்காது என்று தெரியும். இருந்தாலும் நீ அங்கே பனியில் தனியாக அதைப் படித்திருப்பாய் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. தருமன் அன்று நாங்கள் கொடுத்த தாம்பூலத் தட்டைப் பழனியிடம் திருப்பிக் கொடுத்தனுப்பிவிட்டார். மாமா வாங்கி வைத்தார். "பையன் எழுதினது சரிதான்" என்று மட்டும் சொன்னார்.

போட்டோவைக் காவ்யாவிடம் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, இன்னொரு கண்ணாடியைப் பின்னால் பிடித்துத் தன் தலையைப் பார்த்தாள். "மாமாவ யாராச்சும் கிண்டல் பண்ணாங்களா?" என்றாள். தேங்காநார் என்று கூப்பிட்டதைச் சொன்னேன். சிரித்தாள் என்று நினைக்காதே. முகம் சிவந்துவிட்டது. "யாரு? பேரு சொல்லு" என்றாள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளே யூனிஃபார்மை எடுத்துப் போட்டுக்கொண்டாள். ரிப்பன் வேண்டாம் என்றாள். ஐந்தாம் வகுப்புக்குப் புது டீச்சர். சான்றிதழின் நகலைக் கொடுக்க நானும் கூடப் போயிருந்தேன். வகுப்பு வாசலில் ஒரு பெண், "உன் முடி ஏன் இப்பிடி கீது?" என்று நேராகவே கேட்டுவிட்டாள். காவ்யா பையைத் திறந்து நோட்டுக்குள்ளிருந்து உன் படத்தை எடுத்தாள்.

"எங்க மாமா. மிலிட்டரில கீறாரு. எங்க குடும்பத்து முடி இது."

அந்தப் பெண் படத்தை வாங்கிப் பார்த்தாள். துப்பாக்கி எங்கே என்று கேட்டாள். அதற்கப்புறம் இரண்டு பேரும் உள்ளே போய்விட்டார்கள். நான் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். நேற்றுகூட ஒரு பையன் ஏதோ சொன்னானாம், அழுதுகொண்டுதான் வந்தாள். ஆனால் இன்று காலை போனாள்.

ஜூலையில் லீவு உறுதியானால் தேதி எழுது. காவ்யா ஒன்று சொல்லச் சொன்னாள். நீ வரும்போது முடி வெட்டிக்கொண்டு வரக்கூடாதாம். ஆபீசர் திட்டினால், அக்கா மகள் சொன்னாள் என்று சொல்ல வேண்டுமாம். அவளுக்குத் தொட்டுப் பார்க்க வேண்டுமாம்.

உன் வருகைக்காக மூவரும்,
அக்கா திலகவதி